நிறுத்தத்தில் நிற்பவர்

போக்குவரத்தைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் எண்களே முன்வந்து நிற்கின்றன. எத்தனை வண்டிகள் ஓடுகின்றன, எத்தனை கிலோமீட்டர் ஓடுகின்றன, நாளொன்றுக்கு எத்தனை இலட்சம் பேரை ஏற்றி இறக்குகின்றன, இலாபமா நட்டமா என்பவையே அறிக்கைகளை நிரப்புகின்றன. இவை வேண்டாத கணக்குகள் என நாம் கூறவில்லை. ஆயினும் நெல் மூட்டைகளை ஊர்விட்டு ஊர் கொண்டு சேர்ப்பதற்கும் இதே கணக்குகள்தாம் போதும். மூட்டைக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாடு இவற்றுள் எங்கும் இடம்பெறுவதில்லை.

மூட்டை வண்டிக்காகக் காத்திருக்கையில் கவலைப்படுவதில்லை. இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிவிட்டோமோ என அஞ்சுவதில்லை. படி உயரமாயிருக்கிறதே, பின்னால் நிற்பவர் சலித்துக்கொள்கிறாரே எனக் கூசுவதில்லை. கையிலுள்ள ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினால் நடத்துநர் சில்லறை கேட்டுக் கடிந்துகொள்வாரோ என முன்கூட்டியே நடுங்குவதும் இல்லை. மனிதன் இவை அனைத்தையும் செய்கின்றான். வண்டியின் வேகமும் வழித்தடத்தின் நீளமும் அவன் பயணத்தின் ஒரு பாதியே. மறுபாதி அவன் மனத்தில் நிகழ்கிறது. இந்த மறுபாதியைக் கருத்திற் கொண்டு வண்டிகளையும் நிலையங்களையும் அமைக்க முடியுமா என்னும் கேள்வி உலகின் பல நகரங்களில் கேட்கப்பட்டு, சிலவற்றில் நல்ல விடையும் கண்டுள்ளது.

இக்கேள்வி நமக்கு எதற்கு எனச் சிலர் எண்ணக்கூடும். இன்று நம் பங்குகளில் பெரும்பாலான வீடுகளின் வாசலில் இருசக்கர வாகனம் நிற்கின்றது. சிலரிடம் காரும் உண்டு. வழியுள்ளவர்கள் பேருந்தை விட்டு விலகிக்கொண்டார்கள். நிறுத்தத்தில் எஞ்சி நிற்பவர்கள் யார்? மருத்துவமனைக்குச் செல்லும் மூதாட்டி, வீட்டு வேலைக்குச் செல்லும் தாய், பள்ளிப் பிள்ளைகள், கண்ணொளி இழந்தோர், ஊன்றுகோலோடு நடப்போர். வேறு வழியில்லாதவர் எப்படியும் வந்துதானே தீர வேண்டும். அவருடைய வசதியை யார் கேட்கப் போகிறார்கள்? இப்பொருளைப் பற்றி எழுத நாம் துணிந்ததற்கு இதுவே காரணம்.

22 பேருக்கான பெட்டி

நம் நாட்டில் பயணியின் மனக்குறை அதிகாரிகளின் காதுக்கு எட்டிய கதை வேடிக்கையாகவே தொடங்குகிறது. வங்காளத்தைச் சேர்ந்த ஒகில் சந்திர சென் என்னும் பயணி 1909ஆம் ஆண்டில் சாகிப்கஞ்ச் இரயில்வே அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினார். பலாப்பழம் மிகுதியாகத் தின்று வயிறு உப்பியிருந்த அவர், அகமதுபூர் நிலையத்தில் இறங்கி ஒதுங்கச் சென்ற வேளையில் காவலர் ஊதலை ஊதிவிட்டார். ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி வந்து, அனைவரும் காண நடைமேடையில் விழுந்த அவலத்தைத் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவர் கொட்டித் தீர்த்திருந்தார். அம்மனு தில்லி இரயில் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பெற்றது. மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை அமைவதற்கு அதுவே தூண்டுகோல் என்பர். இன்று படிப்போர் அந்த ஆங்கிலத்தைக் கண்டு சிரிக்கின்றனர். அன்று நடைமேடையில் விழுந்தவர் சிரித்திருக்க மாட்டார்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1917இல், இதைவிடக் கூரிய ஒரு குரல் எழுந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி இரண்டரை ஆண்டுகளே ஆகியிருந்த காந்தியடிகள், அக்காலத்தில் கால் பங்குக்கு மேல் மூன்றாம் வகுப்பு இரயில் பெட்டிகளிலேயே கழித்திருந்தார். வசதியின்மையால் அன்று, தாமே விரும்பி. அவ்வாண்டு செப்டம்பரில் பம்பாயிலிருந்து சென்னைக்கு அவர் வந்த பயணத்தைப் பற்றிப் பின்னர் எழுதி வெளியிட்டார். 22 பேருக்கு எனக் குறிக்கப்பட்டிருந்த பெட்டியில் பெரும்பகுதி நேரம் 35 பேருக்குக் குறையாமல் அடைந்து கிடந்தனர். சிலர் அழுக்குத் தரையில் படுத்தனர். சிலர் நின்றுகொண்டே வந்தனர். வழிநெடுகிலும் ஒரு முறைகூடப் பெட்டி பெருக்கப்படவில்லை. முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப் போல ஐந்து மடங்குக்கு மேல். அப்படியானால் ஏழைப் பயணிக்கு அந்த வசதியில் ஐந்தில் ஒரு பங்கேனும், பத்தில் ஒரு பங்கேனும் கிடைக்கிறதா என அவர் கணக்குக் கேட்டார். முடிவில் அவர் முன்வைத்த யோசனைதான் நம் கருத்தைக் கவர்வது. அரசப் பிரதிநிதியும் படைத்தலைவரும் மகாராசாக்களும் முன்னறிவிப்பு ஏதுமின்றி அவ்வப்போது மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து பார்க்க வேண்டும் என்பதே அது.

இரயில்வேயில் மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் 1974இல்தான் நீங்கியது. பெயர் நீங்கியதே தவிர பலகை நீங்கவில்லை. இரண்டாம் வகுப்பில் தூங்கிச் செல்வோர் வெறும் மரப்பலகையின் மேல்தான் இரவு முழுவதும் புரண்டனர். 1977இல் இரயில்வே அமைச்சரான மது தண்டவதே, கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர். இரண்டாம் வகுப்புப் படுக்கைகளில் இரண்டு அங்குல நுரைமெத்தை பொருத்த அவர் ஏற்பாடு செய்தார். உயர் வகுப்பினரின் வசதியைக் குறைப்பது தம் நோக்கமன்று, கீழ் வகுப்பினரை மேலே உயர்த்துவதே என்பது அவருடைய நிலை. அவ்வாண்டு டிசம்பரில் பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் இடையே விடப்பட்ட கீதாஞ்சலி விரைவு வண்டியில் வகுப்பு வேற்றுமையே இல்லை. இன்று இரவு வண்டியில் தூங்கி எழுந்து மறுநாள் வேலைக்குச் செல்லும் எளியவர், தம் முதுகுக்கும் பலகைக்கும் இடையே உள்ள அந்த மெத்தையைப் பற்றி நினைப்பதில்லை. நல்ல அமைப்பின் இயல்பு அது. இருப்பதே தெரியாது.

காந்தியடிகள் சொன்ன யோசனையை அதிகாரிகள் எந்த அளவு ஏற்றனர் என்பது ஒருபுறமிருக்க, அதை வேறொரு நாட்டில் வாழ்க்கையாகவே கொண்ட ஒருவரை நாம் அறிவோம். காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், 2013இல் திருத்தந்தையாகும் வரை, புவனஸ் ஐரிஸ் நகரின் பேராயராகவும் கர்தினாலாகவும் இருந்தபோது அந்நகரின் சுரங்க இரயிலிலும் பேருந்திலுமே சென்று வந்தார். கர்தினால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் வண்டி வேகமாக ஓடிவிடாது என்பது உண்மையே. ஆனால் நிற்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

காத்திருக்கும் நிமிடத்தின் நீளம்

கடிகாரத்துக்கு எல்லா நிமிடங்களும் ஒரே நீளம். பயணிக்கு அப்படியன்று. போக்குவரத்துத் திட்டம் வகுக்கும் வல்லுநர்கள், நிறுத்தத்தில் காத்திருக்கும் ஒரு நிமிடத்தை வண்டிக்குள் செல்லும் ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்குச் சமமாக மதிப்பிடுவது வழக்கம். பத்து நிமிடக் காத்திருப்பு மனத்தில் இருபது நிமிடமாகப் பதிகிறது என இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஏன் அப்படி? ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பேராசிரியராயிருந்த டேவிட் மெய்ஸ்டர் 1985இல் காத்திருப்பின் உளவியலைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் எடுத்தாளப்படுகிறது. வேலையின்றிச் சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தோன்றும்; எவ்வளவு நேரம் என்பது தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளும்; காரணம் சொல்லப்படாத தாமதமும், முறைகேடான தாமதமும், தனியே காத்திருப்பதும் மேலும் நீளும் என்பது அவர் கண்ட முடிவுகளின் சாரம். இதற்கு ஹார்வர்டு வரை போக வேண்டுமா என நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். இரவு ஒன்பது மணிக்கு விளக்கில்லாத நிறுத்தத்தில் தனியே நிற்கும் பெண்ணுக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லைதான். ஆனால் நிறுத்தத்துக்கு ஒரு விளக்குப் போடுவது பயண நேரத்தைக் குறைக்கும் வேலையே என்பதை அலுவலகத்தில் அமர்ந்திருப்போர்க்கு யாரேனும் எண்களால் காட்ட வேண்டியிருந்தது.

இலண்டன் மாநகரில் 1992 முதல் பேருந்து நிறுத்தங்களில் ஒரு சிறு மின்பலகை பொருத்திப் பார்த்தனர். அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்பதை அது காட்டியது. பேருந்துகள் கூடவில்லை, வேகமும் மாறவில்லை. ஆயினும் காத்திருக்கும் நேரம் குறைந்துவிட்டதாகப் பயணிகள் உணர்ந்தனர். இன்று சென்னையிலும் பேருந்து எங்கே வருகிறது என்பதைக் கைப்பேசியில் காண வழியுண்டு. கைப்பேசியில் பேச மட்டுமே தெரிந்த பாட்டிக்குத்தான் நிறுத்தத்தில் ஒரு பலகை வேண்டும்.

காத்திருப்பின் நிச்சயமின்மை மனிதரின் குணத்தையே மாற்றிவிடுகிறது என்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல் ஐம்பதடி தள்ளிப் போய் நிற்கும். கூட்டம் ஓடும். காலில் வலுவுள்ளவர் முந்துவார். சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பார். குழந்தையை இடுப்பில் வைத்த தாய் கடைசியில் நிற்பாள். வேளாங்கண்ணித் திருவிழாக் காலத்தில் சிறப்புப் பேருந்துக்காகக் காத்திருந்தவர்கள், மாதாவைத் தரிசிக்கச் செல்லும் வழியிலேயே ஒருவரையொருவர் முழங்கையால் இடித்து ஏறியதைக் காணாதவர் யார்? நம் மக்களுக்கு ஒழுங்கு தெரியாது எனச் சொல்லி முடித்துவிடுவது எளிது. அது உண்மையன்று. ஞாயிறு திருப்பலியில் நற்கருணை வாங்க இதே மக்கள்தாம் கைகூப்பி வரிசையாகச் செல்கின்றனர். தமக்கு முன் தீர்ந்துவிடாது என்பது அங்கே அவர்களுக்குத் தெரியும். 2015இல் தொடங்கிய சென்னை மெட்ரோ இரயிலிலும், அடுத்த வண்டி இத்தனை நிமிடத்தில் எனப் பலகை காட்டுவதால், அவசரம் வெகுவாகத் தணிந்திருக்கிறது. மனிதர் அவர்களேதாம். நிச்சயம் மட்டுமே புதிது.

சப்பானில் வண்டி புறப்படுமுன் நடைமேடைகளில் கரகரப்பான மணியோசை எழுப்புவது வழக்கமாயிருந்தது. அதைக் கேட்டதும் மக்கள் பதறி ஓடினர். 1989இல் தோக்கியோவின் ஷிஞ்சுக்கு, ஷிபுயா நிலையங்களில் அவ்வோசைக்குப் பதிலாக மெல்லிய இசைத் துணுக்குகள் ஒலிக்கலாயின. பின்னர் அது பல நிலையங்களுக்கும் பரவியது.

எழுத்தறியாதவர்க்கும் ஊர் தெரிய வேண்டும்

வழி தெரியாத அச்சம் காத்திருப்பின் துன்பத்துக்கு இளையதன்று. இலண்டன் சுரங்க இரயிலின் பழைய வரைபடம் நகரின் உண்மை நிலப்படத்தின் மேல் வரையப்பட்டிருந்தது. நடுப்பகுதியில் நிலையங்கள் நெருங்கிக் குழம்பின. புறநகர்ப் பகுதியில் கோடுகள் எங்கோ நீண்டன. மின்சுற்றுப் படங்கள் வரைந்து பழகிய ஹாரி பெக் என்பவர் 1931இல் புதிய படமொன்றை வரைந்து கொடுத்தார். கோடுகள் யாவும் நேராகவும் சாய்வாகவும் மட்டுமே செல்லும், நிலையங்கள் ஏறத்தாழச் சம இடைவெளியில் இருக்கும், தொலைவு சரியாயிராது. நிர்வாகத்தினர் அதை முதலில் ஏற்கவில்லை. 1933இல் சோதனையாக அச்சிட்டு வழங்கியபோது மக்கள் விரும்பி வாங்கிச் சென்றனர். பூமிக்கு அடியில் செல்பவனுக்கு மேலே உள்ள தெருக்களின் வளைவு எதற்கு? அடுத்த நிலையம் எது, எங்கே வண்டி மாற வேண்டும் என்பது தெரிந்தால் அவன் மனம் அமைதியடையும். இன்று உலகின் மெட்ரோ வரைபடங்களில் பெரும்பாலானவை அப்படத்தின் வழிவந்தவை.

ஆனால் பெக்கின் படமும் படிக்கத் தெரிந்தவர்க்கே உதவும். நம் உள்ளத்தை மேலும் கவர்வது மெக்சிகோ நகரம் கண்ட வழி. அங்கே 1969 செப்டம்பரில் சுரங்க இரயில் தொடங்கியபோது பயணிகளுள் எழுத்தறியாதோர் பலர் இருந்தனர். லான்ஸ் வைமன் என்னும் அமெரிக்க ஓவியர் நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம் வரைந்தார். சாப்புல்தெபெக் என்றால் அந்நாட்டுப் பழங்குடி மொழியில் வெட்டுக்கிளிக் குன்று. அந்நிலையத்துக்கு வெட்டுக்கிளியே சின்னம். பீனோ சுவாரெஸ் நிலையத்தைத் தோண்டுகையில் அஸ்தெக் மக்களின் சிறிய பழங்கோயில் ஒன்று வெளிப்பட்டது. அதை அகற்றாமல் நிலையத்துக்குள்ளேயே காத்து, அதையே சின்னமாகவும் வைத்தனர். இன்சுர்கெந்தஸ் நிலையத்துக்கு ஒரு மணி. 1810இல் தோலோரஸ் என்னும் ஊரின் பங்குத்தந்தை மிகேல் இதால்கோ, தம் ஆலய மணியை ஒலித்து மக்களை விடுதலைப் போருக்கு அழைத்தார். அந்த மணியே அங்குச் சின்னமாகத் தொங்குகிறது. கிராமத்திலிருந்து வந்த தாய் ஒருத்தி, வெட்டுக்கிளியிலிருந்து இரண்டாவதாக மணி என எண்ணிக்கொண்டு, எவரிடமும் தன் அறியாமையைச் சொல்லாமல் இறங்கிவிடலாம்.

இது நமக்கு அந்நியமான எண்ணமன்று. 1951-52இல் நடந்த முதற் பொதுத்தேர்தலிலேயே எழுத்தறியாத வாக்காளர்க்கெனச் சின்னங்களைப் புகுத்திய நாடு நம்முடையது. வாக்குச் சாவடியில் காட்டிய அந்த மதிப்பைப் பேருந்து நிலையத்தில் காட்ட மறந்துவிட்டோம். இன்றும் முதியவர் ஒருவர் ஒவ்வொரு வண்டியாக ஓடிச் சென்று, இது அந்த ஊர் போகுமா எனக் கேட்டு, சிலரிடம் விடையும் சிலரிடம் எரிச்சலும் பெறுகிறார்.

எரிச்சலைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். கைக்காசை எண்ணிப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிப்போட்ட எத்தனையோ தாய்மார்க்கு அது கதவைத் திறந்துவிட்டது. ஆனால் 'ஓசி' என்னும் ஒரு சொல் அதே பேருந்துக்குள் கேட்கிறது. கை காட்டியும் நிற்காமல் செல்லும் வண்டிகளைப் பற்றிய குறையும் கேட்கிறது. இருக்கை எவ்வளவு மெத்தென்றிருந்தாலும் அந்தச் சொல்லின் மேல் யாரும் வசதியாக அமர முடியாது. சுமையாளியாக நடத்தப்படுவதற்கும் விருந்தினராக நடத்தப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பயணி உடனே அறிகிறாள்.

முதற் படி

1965இல் சப்பானியர் செயிச்சி மியாக்கே, பார்வை மங்கி வந்த நண்பர் ஒருவரின் பொருட்டுப் புடைப்புள்ள நடைகற்களைத் தம் முயற்சியால் அமைத்தார். கோடுகள் புடைத்திருந்தால் நடக்கலாம். புள்ளிகள் புடைத்திருந்தால் நிற்க வேண்டும். ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளியின் அருகே 1967 மார்ச்சில் முதன்முதலாக அவை பதிக்கப்பட்டன. இன்று நம் இரயில் நிலையங்களிலும் மெட்ரோ நிலையங்களிலும் காணும் மஞ்சள் நிறக் கற்கள் அவைதாம். அவை எதற்கென அறியாமல் அவற்றின் மேலேயே மூட்டைகளை அடுக்கி வைப்போர் உண்டு. அதே சப்பானில் 1973 செப்டம்பர் 15ஆம் நாள், முதியோரைப் போற்றும் விடுமுறை நாளன்று, முதியோர்க்கென இருக்கைகள் ஒதுக்கப்பட்டன. அதிவேக இரயிலின் இருக்கைகளுக்கென வாங்கிய வெள்ளி நிறத் துணி கையிருப்பில் இருந்ததால் அதைக் கொண்டே அவற்றைத் தைத்தனர் என்பர். 'வெள்ளி இருக்கை' என்னும் பெயர் அவ்வாறு வந்ததே.

இனி, படிக்கு வருவோம். நம் பேருந்துகளின் படிகள் ஏன் அவ்வளவு உயரம்? நெடுங்காலமாக இந்நாட்டில் லாரிக்கென அமைந்த சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தை வாங்கி, அதன் மேல் பேருந்தின் கூட்டைக் கட்டுவதே வழக்கமாயிருந்தது. சரக்குக்காக உயர்த்திய தளத்தின் மேல் மனிதரை ஏற்றினோம். மூட்டையை இருவர் தூக்கிப் போடுவர். மூட்டுவலியுள்ள மூதாட்டியோ ஒரு கையால் கம்பியையும் மறு கையால் சேலையையும் பற்றிக்கொண்டு, நடத்துநரின் ஊதல் ஒலிக்குமுன் தன்னைத் தானே தூக்கிப்போட்டுக்கொள்ள வேண்டும்.

பிரேசில் நாட்டின் குரித்திபா நகரில் கட்டடக் கலைஞரும் மேயருமான ஜெய்மே லெர்னர் காலத்தில், 1991இல், கண்ணாடிக் குழாய் வடிவ நிறுத்தங்கள் அமைக்கப்பெற்றன. பயணி நிறுத்தத்தின் வாயிலிலேயே கட்டணம் செலுத்தி, மழையும் வெயிலும் படாத குழாய்க்குள் காத்திருப்பார். குழாயின் தரையும் பேருந்தின் தரையும் ஒரே மட்டம். வண்டி வந்து நின்றதும் அதன் கதவிலிருந்து ஒரு பலகை இறங்கிப் பாலமாகும். படியும் இல்லை, சில்லறைத் தகராறும் இல்லை, ஊதலும் இல்லை. சக்கர நாற்காலியில் வருபவர் குழாய்க்குள் ஏறுவதற்கு மின்தூக்கியும் வைத்தனர். சுரங்க இரயிலுக்குச் செலவிடப் பணமில்லாத நகரம் பேருந்தையே இரயிலாக்கிக்கொண்டது. கொலம்பியாவின் பொகோத்தா நகரம் 2000இல் இதைப் பின்பற்றியது. நம் நாட்டின் அகமதாபாத் 2009இல் பின்பற்றியது.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் இதற்கென நீதிமன்றம் வரை சென்று போராட வேண்டியிருந்தது. 2024இல் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. தரையிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரமே உள்ள தளம். நிறுத்தத்தில் வண்டி ஒரு பக்கமாக மேலும் தாழ்ந்து கொடுக்கும். சக்கர நாற்காலிக்குச் சாய்பலகையும் உண்டு. நல்ல சமாரியன், காயமுற்றவனைத் தன் விலங்கின் மேல் ஏற்றிய காட்சியை இது நமக்கு நினைவூட்டுகிறது. ஏறுகிறவன் உயர வேண்டியதில்லை, ஏற்றுவதே தாழ்ந்து வருகிறது.

ஆனால் அவ்வண்டி நடைபாதையின் விளிம்பை ஒட்டி நின்றால்தான் அத்தாழ்வுக்குப் பொருள் உண்டு. நிறுத்தத்தை வாகனங்கள் அடைத்துக்கொண்டிருந்தால் பேருந்து நடுச்சாலையிலேயே நிற்கிறது. முதியவர் நடைபாதையிலிருந்து சாலையில் இறங்கி, வண்டிகளுக்கிடையே நுழைந்து, பின்னர் ஏற வேண்டும். சாய்பலகை நடைபாதையை எட்டாமல் தார்ச்சாலையில் செங்குத்தாக விழுகிறது. வண்டியை வாங்க அரசு வேண்டும். நிறுத்தத்தைக் காலியாக வைக்க அக்கம்பக்கத்தார் போதும். பல ஊர்களில் பேருந்து நிறுத்தத்துக்கு ஆலயத்தின் பெயரே வழங்குகிறது. ஞாயிறு காலை ஏழு மணித் திருப்பலி வேளையில் அத்தகைய நிறுத்தங்களில் வரிசையாக நிற்கும் வாகனங்கள் யாருடையவை என்பதைக் கோயிற்பிள்ளை நன்கறிவார். ஆலய வளாகத்தின் பெரிய வாயிலை அந்த ஒரு மணி நேரம் திறந்துவிட்டு, இளைஞர் இருவரை நிறுத்தத்தருகே நிற்கச் செய்தால், ஏழரை மணிப் பேருந்து விளிம்பை ஒட்டி வந்து நிற்க இடம் கிடைக்கும்.